ஸ்கான் செய்த கோப்புகளைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பழைய காணி உறுதிகள், பஞ்சாங்கங்கள், கோயில் சிறப்பு மலர்கள் என்று ஸ்கான் செய்து சேர்ப்பவர்கள் பலர். 1981இல் பொது நூலகம் எரிந்து, மறுபிரதியே இல்லாத ஏடுகளையும் இழந்த ஊர் இது. அதனால் கோப்பு எவ்வளவு சிறுத்தது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். விரித்தால் ஒரு பிட்டும் மாறாமல் திரும்புகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பெரிய தவறு, சில விவரங்களை நிரந்தரமாக விட்டுவிடும் இழப்புள்ள முறையை, எல்லாவற்றையும் அப்படியே திருப்பித் தரும் இழப்பில்லாத முறை என்று நம்புவது. ஜேபெக் விவரங்களைக் கழித்துவிடும் என்பது பலருக்குத் தெரியும். ஸ்கான் செய்த கறுப்பு-வெள்ளைப் பக்கங்களுக்கான ஜேபிக்2 அதைவிட ஆபத்தானது. பக்கத்தில் ஒரேமாதிரி இருக்கும் எழுத்து வடிவங்களில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே போடும் முறை அது. அதன் இழப்புள்ள வகையில் 'கிட்டத்தட்ட ஒன்று' என்றாலே போதும். 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், இந்த முறையைப் பயன்படுத்திய செராக்ஸ் இயந்திரங்களில் ஸ்கான் செய்த தாள்களில் 6 என்ற இலக்கம் 8 ஆக மாறியிருப்பதைக் காட்டினார். மங்கலாகத் தெரிந்தால் சந்தேகமாவது வரும். அங்கே பிழையான இலக்கம் துலக்கமாக நின்றது. ஒரு காணி உறுதியில் 6 பரப்பு 8 பரப்பானால் என்ன வழக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மூலப்பிரதியைப் பிஎன்ஜியில் அல்லது இழப்பில்லாமல் சுருக்கிய டிஃப்பில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் போதும்.

அடுத்தது, திரையில் பார்த்துவிட்டு 'சரி, அப்படியே இருக்கு' என்று முடிவுகட்டுவது. தமிழில் இது சுத்தமாகச் சரிவராது. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டுகள் வேறு. சுருக்குவதற்கு முன்னும் விரித்த பின்னும் கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைக் கணித்து ஒப்பிடுங்கள். தேடல் வசதிக்காக எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது நல்ல வேலைதான். ஆனால் அதை மூலத்தில் செய்யாமல் தனிப் பிரதியில் செய்யுங்கள்.

சுருக்க விகிதத்தைக் கண்டு மயங்குவதும் தவறு. 'யாழ்ப்பாணம்' 6 எழுத்து, 11 யூனிகோடு குறியீடுகள், அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல் 33 பைட். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட்டில் இரண்டே வகை. இவ்வளவு திரும்பத் திரும்ப வந்தால் எந்த முறையும் நன்றாகத்தான் சுருக்கும். ஆங்கிலக் கோப்பின் விகிதத்தோடு இதை ஒப்பிடுவதில் பயனில்லை.

அடிக்கடி வரும் குறிக்குக் குறைந்த பிட்டும் அரிதாக வருவதற்குக் கூடுதல் பிட்டும் கொடுக்கும் ஹஃப்மன் குறியீட்டைத் தாங்களே எழுதிப் பார்க்கும் மாணவர்கள் சறுக்குவதும் இங்கேதான். 1952இல் ஹஃப்மன் தந்த முறை, ஒவ்வொரு குறிக்கும் முழு பிட்டாகவே கொடுக்கும். ஒரு பிட்டுக்குக் கீழே போகாது. பைட்டுகளையே குறிகளாக எடுத்தால், ஏற்கெனவே தெரிந்த அந்த முதல் பைட்டுக்கும் ஒவ்வொரு தடவையும் பிட் செலவாகும். யூனிகோடு குறியீடுகளையே குறிகளாக எடுங்கள். அல்லது ஸிப் கோப்புகளில் பயன்படும் டிஃப்லேட் செய்வதுபோல, திரும்ப வரும் தொடர்களை, முன்பு வந்த இடத்தைச் சுட்டும் எல்இஸட்77 முறை வழியாக முதலில் பிடித்துவிட்டு ஹஃப்மனுக்கு வாருங்கள். 90% நிகழ்தகவுள்ள ஒரு குறிக்கு உண்மையில் ஏறத்தாழ 0.15 பிட் போதும். அந்த இடத்தில், ஒரு குறிக்கு ஒரு பிட்டுக்கும் குறைவாகச் செலவழிக்கக்கூடிய எண்கணிதக் குறியீடு ஹஃப்மனை நன்றாகவே முந்தும்.

ஸிப்பை மறுபடி ஸிப் செய்யாதீர்கள். எல்லாக் கோப்பையும் சிறிதாக்கும் இழப்பில்லா முறை இருக்கவே முடியாது, ஏனென்றால் குறுகிய கோப்புகளின் எண்ணிக்கை அதற்குப் போதாது. மறைகுறியாக்கம் தேவையென்றால் முதலில் சுருக்குங்கள், பிறகு பூட்டுங்கள். பூட்டிய தரவில் சுருக்குவதற்கு ஒழுங்கு எதுவும் மிஞ்சாது. குறுஞ்செய்தி அளவிலான உரையையும் விட்டுவிடலாம், ஜிஜிப் என்ற சுருக்கக் கோப்பின் தலைப்பும் முடிவும் மட்டுமே 18 பைட்.

கடைசியாக, பல வருட இதழ்களை ஒரே தொடராக இறுக்கி ஒரே கோப்பாக்குவது. இடம் மிச்சம்தான்; நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னுள்ள இதழ்களும் போகக்கூடும். இதழுக்கு ஒரு கோப்பாக வைத்து, இரண்டு பிரதிகளை வேறு வேறு வீடுகளில் வையுங்கள்.