உபுண்டு அப்கிரேடில் செட்டிங்ஸ் தொலைவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டுவின் 22.04 பதிப்பில், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் பழைய டெப் பேக்கேஜை (உபுண்டுவின் வழக்கமான இன்ஸ்டால் வடிவம்) எடுத்துவிட்டு ஸ்னாப் பேக்கேஜை (டேட்டாவைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும் இன்னொரு வடிவம்) வைத்தார்கள். அப்கிரேடுக்குப் பிறகு புக்மார்க்குகளைக் காணோம் என்றால், அவை பெரும்பாலும் அழிந்திருக்காது. பழைய ப்ரொஃபைல் (புக்மார்க், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்), ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் .மொசில்லாவில் அப்படியே கிடக்கும். ஸ்னாப் தன் பங்குக்கு 'ஸ்னாப்' ஃபோல்டருக்குள் தனியாக ஒன்றை வைத்திருக்கும். முதல் முறை திறக்கும்போது பழையதை நகலெடுக்கப் பார்க்கும். அது நடக்காமல் போனால்தான் காலி பிரவுசர்.

இங்கேதான் பதற்றத்தில் கை வைக்கிறோம். 'எதற்கும் ஒருமுறை சுத்தமாக நீக்கிவிட்டுப் போடலாம்' என்று 'பர்ஜ்' கொடுப்பதுதான் பெரிய தவறு. டெப் பேக்கேஜ்களைக் கையாளும் ஏபிடியில் பர்ஜ் கொடுத்தால் சிஸ்டம் அளவிலான கான்ஃபிக் ஃபைல்கள் (செட்டிங்ஸ் இருக்கும் ஃபைல்கள்) போகும், உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. ஸ்னாப்பில் நிலைமை வேறு. சாதாரணமாக நீக்கினால் உங்கள் டேட்டாவை ஸ்னாப்ஷாட்டாக (அந்த நேரத்து நகலாக) எடுத்து வைத்துக்கொள்ளும். பர்ஜ் சேர்த்தால் அந்த ஸ்னாப்ஷாட்டும் கிடையாது. ஏபிடி பழக்கத்தில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அடுத்து, அப்கிரேடின் நடுவே வரும் அந்தக் கேள்வி: கான்ஃபிக் ஃபைலை மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடட்டுமா? அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஒய்' தட்டாதீர்கள். அப்பாச்சே வெப் சர்வரின் போர்ட்டை (அது இணைப்புகளை ஏற்கும் எண்ணை) 80-லிருந்து 8080-க்கு மாற்றியிருந்தால், ஒரே தட்டில் 80-க்குத் திரும்பிவிடும். நல்லவேளை, உங்கள் ஃபைல் 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் 'என்' (வேண்டாம்) தட்டுவதும் சரியில்லை: புதிய பதிப்பு கைவிட்ட ஒரு வரி பழைய ஃபைலில் இருந்தால் சர்வீஸ் கிளம்பாமலே போகலாம். 'டி' தட்டி வித்தியாசத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

பேக்கப் எடுப்பவர்களும் தவறுகிறார்கள். ஹோமில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் காப்பி செய்தால் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் விட்டுப்போகும். கன்ட்ரோல்+எச் அழுத்தினால் தெரியும். பிரவுசரை மூடிவிட்டுக் காப்பி செய்யுங்கள். சேமித்த பாஸ்வேர்டுகள் ஒரு ஃபைலில், அவற்றைத் திறக்கும் சாவி இன்னொன்றில் இருப்பதால், ப்ரொஃபைலை முழுசாக எடுப்பதே நல்லது. அதுவும் அப்கிரேடுக்கு முன்பே. 2019-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பில் திறந்த ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு சும்மா ஏற்றுக்கொள்ளாது.