பணம் வந்த பிறகு திட்டம் போடாதீர்கள்: நகர மையச் சீரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் நடுத்தர ஊர் ஒன்றின் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். வரிசையாக நாலு ஷட்டர் இறங்கிக் கிடக்கும். நடுவில் மட்டும் பளபளவென்று கிரானைட் பதித்த தரை, எஃகு பெஞ்ச், தண்ணீர் வராத ஒரு நீரூற்று. இதெல்லாம் எப்போது வந்தது என்று கேட்டால், "ஏதோ ஒரு ஃபண்டில் வந்தது" என்பார்கள், அதாவது அரசு கொடுத்த ஏதோ ஒரு மானியத்தில். எந்த ஃபண்ட் என்பது செலவழித்த கவுன்சிலுக்கே, அந்த ஊரின் உள்ளாட்சிக்கே, மறந்திருக்கும்.

கவுன்சில்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல வரவில்லை. என் பார்வையில் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். லண்டனில் இருக்கும் அரசு பணத்தை அறிவித்த பிறகுதான், சரி, நம் ஊருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே உட்காருகிறார்கள்.

ஃபண்டுகளுக்கோ பஞ்சமில்லை. 2012-ல் போர்ட்டாஸ் பைலட் என்ற சோதனைத் திட்டத்தில் 12 ஊர்களுக்குச் சேர்த்து 12 லட்சம் பவுண்ட் கொடுத்தார்கள். 2018-ல் ஃபியூச்சர் ஹை ஸ்ட்ரீட்ஸ் ஃபண்ட், 2019-ல் டவுன்ஸ் ஃபண்ட், 2020-ல் 480 கோடி பவுண்டுக்கு லெவலிங் அப் ஃபண்ட். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி நிபந்தனை, தனிக் கெடு. கெடு நெருங்கும்போது ஒரு கன்சல்டன்ட் வருவார், ஏற்கெனவே வேறு ஊருக்குப் போட்ட படத்தில் மரங்களின் இடத்தை மாற்றி வைப்பார், அதுவே உங்கள் ஊரின் எதிர்காலம் ஆகிவிடும்.

அப்படி எழுதிய விண்ணப்பம் ஜெயிக்குமா என்றால், அதற்கும் உத்தரவாதமில்லை. லெவலிங் அப் ஃபண்டின் இரண்டாம் சுற்றுக்கு 500-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. 2023 ஜனவரியில் பணம் கிடைத்தது 111 திட்டங்களுக்கு. இதைத் திருவோடு ஏந்தும் கலாச்சாரம் என்று கடுப்பாகச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த, அப்போது வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயராக இருந்த ஆண்டி ஸ்ட்ரீட். உள்ளாட்சிகளின் சங்கம் போட்ட கணக்குப்படி, போட்டி மானியம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கவே கவுன்சிலுக்குச் சராசரியாக 30,000 பவுண்ட் செலவாகிறது. தோற்றால் அது போனதுதான்.

ஆகவே எந்த ஃபண்டும் திறக்காத காலத்திலேயே இரண்டு மூன்று வேலைகளைத் தயார் நிலையில் வையுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா, இன்றைய விலையில் என்ன ஆகும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மானியத்துக்காகத் திட்டத்தை வளைப்பவர்களைவிட, கையில் இருக்கும் திட்டத்துக்கு ஏற்ற மானியத்தைத் தேடுகிறவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

கேட்டது முழுசாகக் கிடைக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. 2020 டிசம்பரில் ஃபியூச்சர் ஹை ஸ்ட்ரீட்ஸ் ஃபண்டில் 72 இடங்கள் தேர்வாயின, ஆனால் அதில் முழுத் தொகை கிடைத்தது 15 இடங்களுக்கு மட்டும். மீதி 57 இடங்களுக்கும் கேட்டதில் ஒரு பகுதிதான். அப்புறம் எதை வெட்டுவது என்று அவசரத்தில் உட்கார்ந்தால், சத்தம் போட ஆள் இல்லாத வேலைதான் முதலில் வெட்டுப்படும். பெரும்பாலும் அது பேருந்து நிறுத்தமாகவோ கழிப்பறையாகவோ இருக்கும். எந்தத் துண்டு தனியாக நின்றாலும் பயன் தரும் என்பதை விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

நான் மிகவும் கோபப்படுவது பராமரிப்பு விஷயத்தில்தான். இந்த மானியங்களில் பெரும்பகுதி மூலதனச் செலவுக்கு மட்டும். கட்டலாம், வாங்கலாம், இடிக்கலாம். ஆனால் கட்டியதைக் கூட்டிப் பெருக்க, பழுது பார்க்க, சந்தையை நடத்தும் மேலாளருக்குச் சம்பளம் தர அதில் வழி இல்லை. அந்தச் செலவு கவுன்சிலின் அன்றாட வருவாயிலிருந்து வர வேண்டும், அதுவோ முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் நலனுக்கும் போய்விட்டு மிச்சம் இருந்தால்தான் உண்டு. விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். விலை உயர்ந்த யார்க்ஷயர் கல் பதித்த நடைபாதையை கேஸ் குழாய்க்காகத் தோண்டுவார்கள், மூடும்போது அதே கல் ஸ்டாக் இருக்காது, நடுவில் கறுப்பாக ஒரு தார் ஒட்டு விழும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய இடத்துக்கு இரண்டு அடி தள்ளி, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கல்லைத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்திலேயே, இதை மாற்ற யாரிடம் எத்தனை கல் இருப்பு இருக்கும் என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்குத் தெரு கூட்டுகிறவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

தாமதம் இன்னொரு பூதம். லெவலிங் அப், டவுன்ஸ் ஃபண்ட், யூகே ஷேர்டு பிராஸ்பெரிட்டி ஃபண்ட் என்ற இன்னொரு அரசு மானியம், இந்த மூன்றிலும் சேர்த்து ஒதுக்கியது 1,047 கோடி பவுண்ட். 2023 செப்டம்பர் வரை உள்ளாட்சிகள் உண்மையில் செலவழித்தது 124 கோடி என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2024 மார்ச்சில் சொன்னது. இடையில் கட்டுமான விலை எகிறியது, மானியத் தொகையோ பழைய தொகையாகவே நின்றது. விலை ஏற்றத்துக்கு ஒதுக்கீடு வைக்காத பட்ஜெட்டை பட்ஜெட் என்றே சொல்லக்கூடாது.

மானியம் பத்தாது என்று கடன் வாங்கி இறங்கியவர்கள் கதை இன்னும் மோசம். லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள வோக்கிங் கவுன்சில் தன் நகர மையத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள், ஹோட்டல், கடைகள் என்று விக்டோரியா ஸ்குவேர் திட்டத்தில் பெரும் கடனைக் கொட்டியது. 2023 ஜூனில் சட்டத்தின் 114-ம் பிரிவு நோட்டீஸ் விட வேண்டி வந்தது, அதாவது சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை தவிர புதுச் செலவுக்கெல்லாம் தடை. அப்போது எதிர்பார்த்த பற்றாக்குறை 120 கோடி பவுண்ட், அந்தக் கவுன்சிலின் அடிப்படை ஆண்டு பட்ஜெட்டோ 1.6 கோடி. கடன் வாங்குவதே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. வாடகை இவ்வளவு வரும் என்று எக்ஸெல் சொன்னதை, அதில் பாதிதான் வந்தால் என்ன செய்வோம் என்று ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடைகளைக் கொண்டே கடைத்தெருவைக் காப்பாற்றலாம் என்ற பிடிவாதமும் இதோடு சேர்ந்ததுதான். ஷ்ராப்ஷயர் கவுன்சில் 2018-ல் ஷ்ரூஸ்பரியில் மூன்று ஷாப்பிங் சென்டர்களை 5.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் ஒன்றைப் பிறகு இடிக்கத்தான் வேண்டியிருந்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டன் கவுன்சில் வேறு மாதிரி யோசித்தது. ஆற்றுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே சுவர் மாதிரி நின்ற காசில்கேட் ஷாப்பிங் சென்டரை 2019-ல் வாங்கியது இடிப்பதற்காகத்தான். ஊருக்குத் தேவைக்கு அதிகமான கடைகள் இருக்கின்றன என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, வியாபாரிகளைப் பக்கத்து வெலிங்டன் ஸ்குவேர் ஷாப்பிங் சென்டருக்கு மாறச் சொல்லி, காலி செய்த இடத்தில் ஆற்றங்கரைப் பூங்கா. கடைகள் அதிகம் என்பதை ஓட்டுக் கேட்டு வருகிற ஆட்களால் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததே பெரிய விஷயம்.

மூடிக் கிடக்கும் கடைகளுக்கு கவுன்சில்தான் காரணம் என்று நினைப்பதும் தவறு. கட்டடம் பெரும்பாலும் எங்கோ இருக்கும் முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும். 2024 டிசம்பரிலிருந்து இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு ஒரு புது அதிகாரம் உண்டு. 24 மாதத்தில் 365 நாள் காலியாகக் கிடந்த கடையின் வாடகை உரிமையை ஏலம் விடலாம், ஒப்பந்தம் ஓர் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை. பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் எந்தக் கடை யாருடையது என்ற பட்டியலாவது கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், செலவும் அதிகமில்லை. வேலை தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே ஆள் நடமாட்டத்தை எண்ணத் தொடங்குங்கள். வெயில் அடிக்கும் சனிக்கிழமை மட்டுமல்ல, மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை காலையும் எண்ணுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்து, கூட்டம் கூடியிருக்கிறது என்று கவுன்சிலரும் குறைந்திருக்கிறது என்று வியாபாரியும் சண்டை போடுவார்கள், இரண்டு பேர் கையிலும் எண்ணிக்கை இருக்காது.