ஊருக்கு ஆள் வந்தால் போதுமா? நெல்லைப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு சுற்றுலாக் கணக்கு

ஒரு வேனில் 12 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலேயே வண்டி பேசி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் தங்கி, தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் வழியில் வாங்கிக்கொண்டு, பறவைகள் கூடு கட்டுகிற கூந்தன்குளத்துக்கு வந்து, கரையில் நின்று இரண்டு மணி நேரம் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் செலவானது 12 டீ. மிச்சம் கிடப்பது காலி பாட்டில். இதுவும் சுற்றுலா வளர்ச்சிக் கணக்கில்தான் ஏறும். குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளமாவது நிறையும், இந்தப் பணம் வந்த வழியே பட்டணத்துக்குத் திரும்பிவிடுகிறது.

ஐ.நா. 2015-இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 8.9 என்று ஒன்று உண்டு. உள்ளூரில் வேலை கொடுக்கிற, உள்ளூர்ப் பண்பாட்டையும் பொருளையும் வளர்க்கிற சுற்றுலாவுக்கு 2030-க்குள் வழி செய்யுங்கள் என்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற பேச்சே அதில் இல்லை. உங்கள் ஊரில் ஏதாவது தொடங்கும் எண்ணம் இருந்தால் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குங்கள். போர்டு, லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் அப்புறம். ஒரு மாதம், வருகிறவர்கள் எங்கே தங்கினார்கள், எங்கே சாப்பிட்டார்கள், ஊரில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். டீக்கடைக்காரரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டால் போதும், அவருக்குத் தெரியாமல் யாரும் ஊருக்குள் வர முடியாது. பணம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே மடை வைப்பது என்று தெரியும்.

அடுத்தது விற்பனை. இருப்பதை விற்றால் போதும், புதிதாக எதையும் கொண்டுவர வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் சுருட்டி வைத்த பாயைப் பார்த்தால் யாருக்கும் பேரம் பேசத்தான் தோன்றும். அதே ஆளைத் தறிக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். கோரையை எப்படிக் கீறுகிறார்கள், ஏன் ஊற வைக்கிறார்கள், பட்டுப் பாய்க்கு எவ்வளவு மெல்லிய கோரை வேண்டும் என்று பார்த்தபிறகு பேரம் பேச வாய் வராது. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குப் பாய் முடைகிற அக்காவுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள், பாய் விற்றாலும் விற்காவிட்டாலும். 'பார்க்கத்தானே வந்தார்கள்' என்று இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீருக்குக் காருகுறிச்சி மண்பானை வையுங்கள், பாட்டில் தொல்லை பாதி குறையும். சாப்பாட்டுக்குச் சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி, கருப்பட்டிக் காபி. ஃப்ரைடு ரைஸ் தின்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்ன?

எங்கள் ஊரில் நாங்கள் தொடங்கியபோது சறுக்கியது இந்தச் சாப்பாட்டில்தான். நல்ல கைப்பக்குவம் என்று ஒரே வீட்டில் சமையலை விட்டோம். மூன்றாவது வாரமே தெரு இரண்டுபட்டது, வந்தவர்கள் வண்டியை நிறுத்தக்கூடத் தெருக்காரர்கள் இடம் விடவில்லை. தப்பு அந்த வீட்டின் மேல் இல்லை, எங்கள் மேல்தான். முறை வைத்திருக்க வேண்டும், குளத்துத் தண்ணீருக்கு வைப்பது மாதிரி. மகளிர் குழுவிடம் கொடுத்தால் முறை அவர்களே போட்டுக்கொள்வார்கள், கணக்கும் சுத்தமாக இருக்கும். எத்தனை பங்கு சமைத்தவர்களுக்கு, எத்தனை பங்கு ஊர்ப் பொதுவுக்கு என்று முதல் ரூபாய் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் வந்தபிறகு பேசினால் அது பஞ்சாயத்து.

பொதுப் பங்கு என்பது நம் ஊர்க் கற்பனை இல்லை. ருவாண்டாவில் மலைக் கொரில்லா பார்க்க 2017 முதல் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு 1,500 டாலர். ஒரு கூட்டத்தை ஒரு நாளைக்கு 8 பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. நம்மால் அவ்வளவு கேட்க முடியாது, சரி. ஆள் கணக்குக்கு வரம்பு வைக்கலாம் அல்லவா? கூந்தன்குளம் 1994-இல் சரணாலயம் ஆனது, ஆனால் நாரையும் கூழைக்கடாவும் தெருவில் நிற்கிற மரத்திலேயே கூடு கட்டுகிற ஊர் அது. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று இருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே கூடு இருக்கிற வாசலுக்குத்தான் முதல் பங்கு. ட்ரோன் கூடாது, கூட்டுக்குக் கீழே நின்று கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பது கூடவே கூடாது.

துப்புரவுச் செலவைக் கட்டணத்திலேயே சேருங்கள், மிஞ்சினால் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று தாமிரபரணியில் விட்டுப்போகும் துணியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து மேலே முண்டந்துறைப் பக்கம் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது, 1988-இல் வந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரையும் காட்டுக்குள் கூட்டிப்போகாதீர்கள். அங்கே வாழ்கிற காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்பைக் 'காட்டுகிறேன்' என்று வண்டி பேசுவதும் வேண்டாம், அவர்கள் வீடு வேடிக்கைப் பொருள் இல்லை.

காகித வேலை கொஞ்சம் உண்டு. வீட்டில் தங்க வைத்தால் சுற்றுலாத் துறையில் விசாரித்துப் பதிவு செய்யுங்கள், சாப்பாடு விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதை நம்பி வயலைத் தரிசு போடாதீர்கள். மழை பொய்த்துக் குளம் வற்றினால் பறவை வராது, பறவை வராவிட்டால் வேனும் வராது. கொரோனா வந்த 2020-இல் குளத்தில் தண்ணீர் கிடந்தாலும் ஆள் வரவில்லை.

கடைசியாக, ஏஜென்ட் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை 40 பேர் என்பார். அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேளுங்கள். 'சாப்பாடெல்லாம் வழியிலேயே முடித்துவிடுவோம்' என்று பதில் வந்தால், அன்றைக்கு ஊரில் கோயில் கொடை என்று சொல்லிவிடுங்கள்.