4294967297 பகா எண்ணா? பாத்தா அப்படித்தான் தெரியும், ஆனா…

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இத நீட்டி பகா எண்ணா பகு எண்ணான்னு கேட்டா நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா, கடைசில 7 இருக்கு அதனால 2, 5 போகாது, இலக்கத்த கூட்டுனா 59 வருது அதனால 3 போகாது, அப்புறம் 7, 11, 13ன்னு நாலு போட்டுப் பாத்துட்டு "ப்ரைம்தான்"னு முடிச்சிருவாங்க. தப்பே அங்கதான். வர்க்கமூலம் வரைக்கும் இருக்க எல்லா பகா எண்ணையும் பாக்கணும், இங்க அது 65536. பொறுமையா போயிருந்தா 641ல மாட்டிக்கும்: 641 × 6700417.

அடுத்தது, அஞ்சு தடவ சரியா வந்தா ஆறாவதும் வரும்னு நம்புறது. இதுல நம்மள மட்டும் சொல்லக்கூடாது, 17ஆம் நூற்றாண்டு கணித மேதை ஃபெர்மாவே விழுந்திருக்காரு 😄 2இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 போட்டு ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டுனா வர்ற 3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண், அதே வரிசைல அடுத்து வர்றதுதான் நம்ம ஆளு, 2இன் அடுக்கு 32 கூட்டல் 1. அதுவும் பகாதான்னு அவர் நம்பிட்டாரு. 1732ல ஆய்லர்னு இன்னொரு கணித மேதை வந்து உடைச்சாரு. அவரும் ஒண்ணொண்ணா வகுக்கல, இதோட காரணி எதுவா இருந்தாலும் 64ஆல வகுத்தா மீதி 1தான் வரணும்னு கண்டுபிடிச்சாரு, அந்த மாதிரி பகா எண்கள் 193, 257, 449, 577, 641, அவ்ளோதான், அஞ்சாவதுலயே கத முடிஞ்சுது.

ஃபெர்மா டெஸ்ட் (ஒரு சின்ன எண்ண எடுத்து, சோதிக்கிற எண்ணுல ஒண்ணு குறைச்ச அடுக்குக்கு ஏத்தி, சோதிக்கிற எண்ணால வகுத்தா மீதி 1 வரணும்) பாஸ் ஆனா போதும், பகா எண்தான்னு நினைக்கிறதும் தப்பு. 2ஐ வச்சு போட்டா இந்த எண் ஜம்முனு பாஸ் ஆயிடும், 3ஐ வச்சா ஃபெயில். இதுல வேடிக்கை, அது ஃபெர்மா பேர்லயே இருக்க டெஸ்ட்டு.

பெரிய எண்ணுன்னா காரணியும் நிறைய இருக்கும்னு சிலருக்கு ஒரு நெனப்பு. இதுக்கு மொத்தமே நாலுதான்: 1, 641, 6700417, அப்புறம் அதே எண். தன்னை விட்டுட்டு மத்த மூணையும் கூட்டுனா 6701059, எண்ணுக்குப் பக்கத்துல கூட வரல. அதே மாதிரி ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா எழுத சொன்னா 65536² + 1²ன்னு எழுதிட்டு நிறுத்திடாதீங்க, 62264² + 20449²ன்னு இன்னொன்னும் இருக்கு. பகா எண்ணுக்கு இப்படி ரெண்டு வழி வரவே வராது, அதனால காரணி தெரியாமலே இது பகு எண்ணுன்னு சொல்லிடலாம். எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான்.

கோட் எழுதுறவங்களுக்கு: 32 பிட் அன்சைன்டு இன்டிஜர்ல 4294967295 வரைக்கும்தான் இடம். நம்ம எண்ண அதுல போட்டா சத்தமில்லாம 1 ஆயிடும், ப்ரோக்ராமும் "ப்ரைம் இல்ல"ன்னு சொல்லும், நாமளும் விடை சரின்னு கெளம்பிடுவோம். அதே ப்ரோக்ராம்ல 4294967311 போட்டுப் பாருங்க, அது நிஜமாவே பகா எண், ஆனா உள்ள போறது 15, அதனால அதையும் "ப்ரைம் இல்ல"ன்னு தப்பா சொல்லிடும்.