273 எப்போது கூட்ட வேண்டும்?

அல்சூரில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது இதுதான்: கணக்கில் இருப்பது வெப்பநிலையா, வெப்பநிலை வித்தியாசமா?

வாயு விதிகளில் வெப்பநிலை வந்தால் கட்டாயம் செல்சியஸோடு 273.15 கூட்டிக் கெல்வினாக்குங்கள். அழுத்தம் மாறாமல் 27 டிகிரி செல்சியஸ் 54 ஆனால், கன அளவு இரட்டிப்பாகாது. சுமார் 300 கெல்வின் 327 ஆகிறது, அவ்வளவுதான்; 9 சதவீதம் கூடும்.

வித்தியாசம் என்றால் எதையும் கூட்டாதீர்கள். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு கிலோ தண்ணீரை 27-லிருந்து 97-க்குக் கொண்டுபோக, 70-ஐ 4.2-ஆல் (ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான கிலோஜூல்) பெருக்குங்கள்: 294 கிலோஜூல். அந்த 70 கெல்வினிலும் 70தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இங்கே 273-ஐக் கூட்டி 343 என்று எழுதி மதிப்பெண்ணை விடும்போது மனசு கேட்பதில்லை.

அப்புறம் ஃபாரன்ஹீட்: செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டுங்கள். வித்தியாசத்துக்கு அந்த 32 வேண்டாம்.