புதிதாக வாங்கிய பழைய படம் சரியாக ஓடவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

புது டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கிறீர்கள். திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுகிறது. பின்னணியில் லேசாக 'உஸ்' என்ற இரைச்சல். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. உடனே திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும். அவசரம் வேண்டாம். இந்த மூன்றுமே ஒரு பழைய படத்துக்கு இயல்பான விஷயங்களாக இருக்கலாம். அதே சமயம், உண்மையான பழுது நீங்கள் இன்னும் பார்க்காத இரண்டாம் பாதியில் இருக்கலாம். ஆறு மாதம் கழித்து அதைக் கவனித்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும்.

கோளாறு நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும்: டிஸ்க், ப்ளேயர், டிவி (அதன் கேபிளும் சேர்த்து), அல்லது படமே. எது என்று பிரித்தறிவதுதான் வேலை. வரிசையாகப் போனால் பெரும்பாலும் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

1. போடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்

பெட்டியைத் திறக்கும் முன்பே லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் டிஸ்க் பிடியிலிருந்து கழன்று, வழியெல்லாம் உருண்டுகொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பெட்டியைத் திறக்கும்போதே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பிடியை விரலால் அழுத்தியபடி டிஸ்க்கை எடுங்கள். ஓரத்தைப் பிடித்து நெம்பினால் வளையும். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் விழக்கூட வாய்ப்பு உண்டு. விரிசல் ஏற்கெனவே இருந்தால் அந்த டிஸ்க்கை ப்ளேயரில் போடவே கூடாது. வேகமாகச் சுழலும்போது அது உடைந்தால் ப்ளேயரும் சேர்ந்து போய்விடும்.

அடிப்பக்கத்தை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும் சின்னக் கீறல்களை ப்ளேயரின் பிழைதிருத்தமே சமாளித்துவிடும். வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் ஆபத்தானது. அது ஒரே பகுதியின் தகவலைத் தொடர்ச்சியாக மறைத்துவிடும். புது டிஸ்க்கிலும் சில சமயம் எண்ணெய்ப் படலம் போல ஒரு மங்கல் இருக்கும். மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைத்தால் போதும். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

கீறல் விழுந்த டிவிடிக்குப் பற்பசை தேய்க்கும் வைத்தியம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தயவுசெய்து ப்ளூரேயில் அதைச் செய்துபார்க்காதீர்கள். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ப்ளூரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர். அதைக் காப்பாற்றத்தான் மேலே கடினமான பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. எப்படியும் திருப்பி அனுப்ப வேண்டி வரலாம் என்ற நிலையில், துடைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது.

டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் ஊதா நிறத்தில் இருந்தால் அது ஆலையில் அச்சிட்டதல்ல, ஒவ்வொன்றாக எழுதப்பட்டது. உடனே திருட்டுப் பிரதி என்று முடிவு கட்ட வேண்டாம். அதிகம் விற்காத பழைய படங்களை ஆர்டர் வந்த பிறகு முறைப்படியே எழுதித் தரும் நிறுவனங்களும் உண்டு. அட்டையின் அச்சு மங்கலாக இருந்து, நிறுவனத்தின் பெயரும் எங்கும் இல்லை என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

2. உங்கள் ப்ளேயருக்கு ஏற்ற டிஸ்க்தானா?

'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று திரையில் வந்தால் முதலில் அட்டையைப் பாருங்கள். 4கே டிஸ்க் சாதாரண ப்ளூரே ப்ளேயரில் ஓடாது. ப்ளூரே, டிவிடி ப்ளேயரில் ஓடாது. சில பெட்டிகளில் 4கே ஒன்று, ப்ளூரே ஒன்று என இரண்டு டிஸ்க் இருக்கும், மாற்றிப் போட்டிருக்கலாம்.

அப்புறம் மண்டலக் குறியீடு, அதாவது உலகின் எந்தப் பகுதியில் விற்கும் ப்ளேயருக்கான டிஸ்க் என்று காட்டும் குறி. டிவிடிக்கு எண்கள், ப்ளூரேவுக்கு ஏ, பி, சி என்ற எழுத்துகள். வேறு மண்டலத்துக்கான டிஸ்க் என்றால் பெரும்பாலும் ப்ளேயரே அதைச் சொல்லிவிடும். 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை.

3. ப்ளேயரைச் சோதியுங்கள்

நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறொரு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ப்ளூரே தடுமாறும்போது டிவிடியைப் போட்டுச் சோதிப்பதில் பயனில்லை. ப்ளூரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல-ஊதா லேசர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று களைத்துப்போயிருக்கும்போது இன்னொன்று ஜோராக வேலை செய்யும். ப்ளூரேயை ப்ளூரேயோடும், 4கேயை 4கேயோடும்தான் ஒப்பிட வேண்டும்.

மெனு வரும்போதே தொங்கி நிற்கிறதென்றால் ப்ளேயரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில டிஸ்க்குகள் தொடங்கும்போதே இணையத்தில் எதையோ தேடப் போய், அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

4. தடுமாறும் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். படம் உறைந்தாலோ, சதுரம் சதுரமாக உடைந்தாலோ, ரிமோட்டில் டிஸ்ப்ளே அல்லது இன்ஃபோ பொத்தானை அழுத்தி நேரத்தைப் பாருங்கள். எழுதி வையுங்கள்.

அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: நேரம் ஓடுகிறதா, நிற்கிறதா? திரை ஓரிரு நொடி கறுத்துப்போய், ஆனால் நேரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் ப்ளேயர் டிஸ்க்கை ஒழுங்காகத்தான் படிக்கிறது. பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் குற்றவாளி. கழற்றி மாட்டுங்கள், அல்லது வேறு கேபிள் போடுங்கள். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுத்து மறைவதும் அதே கேபிள் வேலையாக இருக்கலாம். நேரமும் சேர்ந்து நின்றுவிட்டால் படிப்பதில்தான் சிக்கல்.

டிஸ்க்கை வெளியே எடுத்து, ப்ளேயரின் மின் இணைப்பைத் துண்டித்து, சில நிமிடம் ஆறவிட்டு, குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்து ஓட்டுங்கள். அதே இடத்தில் மறுபடி தடுமாறினால் டிஸ்க் மீது சந்தேகம் வலுக்கிறது. இந்த முறை அங்கே சுலபமாகக் கடந்துபோய் வேறெங்கோ நின்றால் ப்ளேயர் மீது. முடிந்தால் இன்னொரு ப்ளேயரில் போட்டுப் பாருங்கள். டிஸ்க் போடும் வசதியுள்ள கேம் கன்சோல் கூடப் போதும். இரண்டு ப்ளேயரிலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி நின்றால் டிஸ்க்தான். விவாதமே இல்லை.

ஒரு விதிவிலக்கு. டிவிடியில் படத்தின் நடுவே ஒரே ஒரு தடவை, கண் இமைக்கும் நேரம் படம் நின்று தொடர்ந்தால் அது பழுது அல்ல. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு லேசர் மாறும் இடம் அது.

5. படத்தின் வயது தரும் குறைகள்

பழைய படங்களில் ஆரம்பப் பார்வையாளர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: ஃபிலிமின் குறை படத்தோடு படமாக ஓடும், டிஸ்க்கின் குறை படத்தையே உடைக்கும். கோடு, புள்ளி, கறை, நடுக்கம், நிறம் மங்குவது எல்லாம் ஃபிலிம். சதுரக் கட்டங்கள், உறைதல், காட்சி தாவுதல், நறுக்கென்று ஒலி அறுபடுவது எல்லாம் டிஸ்க் அல்லது ப்ளேயர்.

மேலிருந்து கீழாக ஓடும் கோடு, ஃபிலிம் இயந்திரத்தில் ஓடி ஓடிக் கீறல் பட்டதன் தடயம். வண்ணப் பிரதியில் கீறல் பச்சையாகக் கூடத் தெரியும். வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி இரண்டுக்கும் வேறு வேறு கதை. நெகட்டிவில் ஒட்டிய தூசி பிரதி எடுக்கும்போது வெளிச்சத்தை மறைப்பதால் திரையில் வெள்ளையாக விழும். பிரதியின் மேலேயே ஒட்டிய தூசி கறுப்பாகத் தெரியும். இது தெரிந்த பிறகு, எந்த மூலத்திலிருந்து டிஸ்க் தயாரித்திருப்பார்கள் என்று ஊகிப்பதே ஒரு தனிப் பொழுதுபோக்கு ஆகிவிடும்.

வலது மேல் மூலையில் ஒரு வட்டம் பளிச்சிட்டு மறைந்து, சுமார் ஏழு நொடி கழித்து மீண்டும் வருகிறதா? ரீல் முடியப்போகிறது, அடுத்த ப்ரொஜெக்டரைத் தயார் செய் என்று ஆபரேட்டருக்கு வைத்த குறி அது. அதைத் தாண்டியதும் படத்தின் தெளிவோ நிறமோ சட்டென்று மாறினால் அடுத்த ரீல் வேறு பிரதியிலிருந்து கிடைத்திருக்கும்.

ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி வரும் இடங்களில் மட்டும் படம் மங்கி, மணல்மணலாகத் தெரியும்; காட்சி மாறியதும் தெளிவாகிவிடும். அந்தக் காலத்தில் இந்த மாற்றங்களை ஆய்வுக்கூடத்தில் மறுபிரதி எடுத்துத்தான் செய்தார்கள். பிரதியின் பிரதி என்பதால் தரம் ஒரு படி இறங்கும். டிஸ்க் ஒன்றும் செய்யவில்லை.

மணல்மணலான தோற்றமே ஃபிலிமின் இயல்பு. அதைக் குறையாக நினைத்து, நிறுவனங்கள் கணினியில் வழித்து எடுத்துவிடுவதும் உண்டு. அப்போது முகங்கள் மெழுகுப் பொம்மை போல வழவழவென்று ஆகிவிடும். என்னைக் கேட்டால், அதுதான் புகார் செய்ய வேண்டிய விஷயம். ஆனால் அதற்கு டிஸ்க்கை மாற்றித் தரமாட்டார்கள். எல்லாப் பிரதியும் அப்படியேதான் இருக்கும்.

1950களின் தொடக்கம் வரை வந்த படங்கள் பெரும்பாலும் 1.37:1 என்ற சதுரத்தை ஒட்டிய வடிவில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி 1.78:1. ஆகவே இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்துதான் தீர வேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுக்க நிறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்: ஒன்று உங்கள் டிவி படத்தை இழுக்கிறது, அல்லது தயாரித்தவர்கள் தலையையும் காலையும் வெட்டிவிட்டார்கள்.

ஒலியும் அப்படித்தான். மோனோ படம் என்றால் நடு ஸ்பீக்கரில் மட்டும் பேசலாம். மற்ற ஸ்பீக்கர்கள் சும்மா இருப்பது பழுதல்ல. மெல்லிய இரைச்சல் பழைய ஒலித்தடத்தோடு பிறந்தது. ஆனால் சில நொடி ஒலியே இல்லாமல் போவது, உதட்டசைவும் பேச்சும் ஒரு காட்சியில் மட்டும் பொருந்தாமல் போவது இரண்டையும் குறித்து வையுங்கள். படம் முழுக்கப் பொருந்தவில்லை என்றால் முதலில் சவுண்ட்பாரின் தாமத அமைப்பைச் சரிபாருங்கள்.

அட்டையில் 100 நிமிடம் என்று போட்டிருக்க, டிவிடி 96 நிமிடத்தில் முடிந்துவிட்டதா? காட்சிகளை வெட்டிவிட்டார்கள் என்று பயப்படும் முன் அது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் தயாரித்த டிவிடியா என்று பாருங்கள். நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) எடுத்த படத்தை அதில் 25 சட்டமாக ஓட்டுவதால் 4 சதவீதம் நேரம் குறையும்.

6. டிவி அமைப்புகள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படம் சீரியல் போல வழுவழுவென்று ஓடினால் அசைவை மென்மையாக்கும் அமைப்பை அணையுங்கள். கூர்மை, படத்தின் மணல்தோற்றத்தைக் குறைக்கும் இரைச்சல் நீக்கம் (noise reduction) இரண்டையும் கீழே இறக்குங்கள். பட வடிவத்தை இழுக்காத நிலையில் வையுங்கள். டிவியில் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

7. கெடு முடிவதற்குள் முழுப் படத்தையும் பாருங்கள்

நேரமில்லை என்றால் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவிப் பார்க்கலாம். ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்து பாருங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளி ஓரத்துக்குப் படிக்கப்படுகிறது. ஓரடுக்கு டிஸ்க்கில் நீளமான படத்தின் கடைசிப் பகுதி ஓரத்தை நெருங்கும். இரண்டடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கு ஓரத்தில் முடிந்து, இரண்டாவது அங்கிருந்து உள்நோக்கித் திரும்பும். அதனால் அதில் படத்தின் நடுப்பகுதியே பெரும்பாலும் ஓரத்தில் அமையும். வளைவு, அடுக்குகளை ஒட்டியதில் உள்ள குறைபாடு, விரல் ரேகை எல்லாம் படிப்பைக் கெடுப்பது ஓரத்தில்தான் அதிகம். நடுப்பகுதியில் அரை மணி நேரம், கடைசி இருபது நிமிடம், இவற்றையாவது தாவாமல் பாருங்கள். இணைப்பாக வரும் பேட்டிகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

8. மாற்றித் தரச் சொல்லும்போது

'படம் சரியில்லை' என்று எழுதினால் பதிலும் அதே அளவு தெளிவாகத்தான் வரும். எந்த நேரத்தில், என்ன ஆகிறது, எந்தெந்த ப்ளேயரில் பார்த்தீர்கள், மென்பொருளைப் புதுப்பித்தீர்களா என்று நான்கு வரியில் எழுதுங்கள். தடுமாறும் இடத்தைக் கைபேசியில் படமெடுத்து இணையுங்கள், திரையில் நேரம் தெரியும்படி. டிஸ்க்கின் நடு வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணையும் குறிப்பிடுங்கள். எந்த அச்சிலிருந்து வந்தது என்று அவர்கள் கண்டுபிடிக்க அது உதவும்.

மாற்று டிஸ்க் வந்ததும் குறித்து வைத்த நேரத்துக்கே நேராகப் போய்ப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் மீதியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வைக்கலாம். அதே நேரத்தில் அதே கோளாறு வந்தால் உங்கள் பிரதி மட்டும் பழுதாகவில்லை. அந்த அச்சு முழுவதிலுமோ, தயாரிப்பிலேயோ பிழை இருக்கிறது. கடையில் மூன்றாவது பிரதி கேட்பதில் அர்த்தமில்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அல்லது வெளியிட்ட நிறுவனத்துக்கே எழுதுங்கள். இப்படிப்பட்ட பிழைகள் உறுதியானால் திருத்திய டிஸ்க்கைத் தபாலில் அனுப்பும் வழக்கம் பல நிறுவனங்களிடம் இருக்கிறது. சில சமயம் வாங்கியதற்கான ரசீதையும் பழைய டிஸ்க்கின் புகைப்படத்தையும் கேட்பார்கள். அதனால் புதியது கைக்கு வரும்வரை இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.