தொண்டை நரம்பு வலிக்கு ஊசி: ஊட்டியிலிருந்து இறங்கும் முன்

ஒரு பக்கத் தொண்டையில் ஷாக் அடித்தாற்போல் வலி, விழுங்கினால் கூடுகிறதா? முதலில் கேமரா விட்டுக் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி இல்லையென்று தெரியாமல் ஊசி கூடாது.

குரல்வளைக்கு உணர்வு தரும் மேல்நரம்புக்கான ஊசியைக் கழுத்துக்கு வெளியே, நாவடி எலும்புக்கும் தொண்டையில் துருத்தித் தெரியும் தைராய்டு குருத்தெலும்புக்கும் நடுவே, தொட்டால் வலிக்கும் இடத்தில் போடுவார்கள். மரக்கச் செய்யும் லிக்னோகெய்னும் வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டும் சேர்த்து 1 முதல் 2 மில்லி. பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் என்பதால் சிரிஞ்சைப் பின்னிழுத்துப் பார்த்தே மருந்தேற்றவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்போரும் சர்க்கரை உள்ளோரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மரத்த தொண்டையில் டீகூட மூச்சுக்குழாய்க்குள் போகும்; உணர்வு திரும்பும்வரை, சுமார் 2 மணி நேரம், எதையும் விழுங்காதீர்கள். கோவையில் ஊசி போட்டு ஊட்டி திரும்பும்போது குன்னூர் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் அன்று கோவையிலேயே தங்கிவிடுவது நல்லது. இரவே வலி திரும்பினால் பதறவேண்டாம்: லிக்னோகெய்ன் சில மணியில் தீரும், ஸ்டீராய்டு வேலைசெய்யச் சில நாளாகும்.